போர்ட்: கேம் உலகத்து சொல்லுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

நிண்டெண்டோவோட பழைய கையடக்க கேம் மெஷினான டிஎஸ்ல வந்த ஒரு பசில் கேம், அவங்களோட பிந்தின மெஷினான ஸ்விட்ச்சுக்கு வருதுன்னு அறிவிச்சாலே 'போர்ட் வருது'ன்னு எல்லாரும் எழுதிடுறோம் (ஒரு மெஷினுக்குன்னு செஞ்சத இன்னொரு மெஷின்ல ஓட வெக்கிறது தான் போர்ட்), தமிழ்லயே எழுதணும்னு நினைக்கிறவங்க சில பேர் அத 'துறைமுகம்'னு போட்டுடுறாங்க. அது தப்பான சொல், ஏன் தப்புன்னு தெரியணும்னா வேர்ல இருந்து பாக்கணும்.

போர்ட்ங்கிற ஒரே ஒலிக்குள்ள ஆங்கிலத்துல பல சொல் இருக்கு. லத்தீன்ல 'போர்ட்டுஸ்'னா துறைமுகம், 'போர்ட்டா'ன்னா வாசல், 'போர்ட்டாரே'ன்னா சுமந்துட்டு போறது. கப்பல் நிக்கிற போர்ட் முதல் சொல்லோட பிள்ளை, கேபிள் சொருகுற போர்ட் ரெண்டாவதோட பிள்ளை (இதுக்கு தமிழ்ல துறைன்னே சொல்லிட்டு இருக்கோம்), கேம போர்ட் பண்றோம்னு சொல்றது மூணாவது, அதாவது போர்ட்டபிள்ங்கிற சொல் இருக்குற அதே குடும்பம். சிம் நம்பர வேற நெட்வொர்க்குக்கு போர்ட் பண்றோமே, அதுவும் இந்த குடும்பம் தான்.

கம்ப்யூட்டர் உலகத்துல இந்த அர்த்தம் வேரூன்ற காரணமா இருந்த வேலைகள்ல யூனிக்ஸ்ங்கிற இயங்குதளம் முக்கியமானது. முதல்ல அது ஒரு குறிப்பிட்ட மெஷினுக்குன்னே, அந்த மெஷினுக்கு மட்டும் புரியுற அசெம்பிளி மொழில எழுதப்பட்டுச்சு, 1973ல அத சி மொழில திரும்ப எழுதினாங்க, அப்புறம் 1977 வாக்குல பெல் லேப்ஸ்ல டென்னிஸ் ரிட்சியும் ஸ்டீபன் ஜான்சனும் அமைப்பே வேறயா இருக்குற இன்டர்டேட்டா மெஷின்ல அத ஓட வெச்சாங்க, அந்த வேலைக்காக சி மொழியையே கொஞ்சம் மாத்த வேண்டி வந்துச்சு. ஆக ஆரம்பத்துலயே இதுல சுமக்குறதோட சேர்ந்து மாத்துறதும் இருந்துச்சு. ஆங்கில சொல்லு சுமக்குறத மட்டும் தான் சொல்லுது.

இந்த குறை எங்க பளிச்சுன்னு தெரியுதுன்னா டிஎஸ் பசில் கேம்கள்ல தான்.

2004ல வந்த டிஎஸ்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஸ்கிரீன், நடுவுல கீல், கீழ் ஸ்கிரீன் மட்டும் டச், அதுவும் ரெசிஸ்டிவ் டச், அதாவது அழுத்தத்த உணர்றது, அதனால ஸ்டைலஸ்ங்கிற மெல்லிசான பிளாஸ்டிக் குச்சியோட நுனியே போதும், சின்ன எழுத்து கூட எழுதலாம். மூடி திறக்கலாம், மைக்ல ஊதலாம். 2017ல வந்த ஸ்விட்ச்ல ஒரே ஒரு 6.2 இன்ச் ஸ்கிரீன், கெபாசிட்டிவ் டச், விரல் தொட்டா தான் தெரியும், சாதாரண பிளாஸ்டிக் குச்சிய அது கண்டுக்காது, உள்ள மைக்கும் இல்ல. டிவியோட இணைக்கிற டாக்ங்கிற தாங்கில வெச்சு டிவில ஆடினா டச்சே கிடையாது.

அந்த கடைசி விஷயம் தான் டெவலப்பர்கள ரொம்ப படுத்துற விஷயம். கையில வெச்சும் ஆடணும் டிவிலயும் ஆடணும்னா ஒவ்வொரு பசிலுக்கும் ரெண்டு கண்ட்ரோல் யோசிக்கணும். ஸ்டைலஸ் நினைச்ச இடத்துல டக்குனு போய் குத்தும், கண்ட்ரோலர் ஸ்டிக்கால நகர்த்துற கர்சர் வழியெல்லாம் ஊர்ந்து தான் போகணும், அதனால நேரக்கணக்கு வெச்ச பசில் எல்லாம் சட்டுனு கஷ்டமாயிடும், நேரத்த கூட்டி குடுக்கலன்னா ஆடுறவங்க தோக்குறது மூளையால இல்ல கர்சரால. கட்டைய இழுத்து நகர்த்துற பசில்ல 'முதல்ல தேர்ந்தெடு, அப்புறம் திசைய அழுத்து'ன்னு ஒரு படி கூடுது. விரலால ஆடுறவங்களுக்கோ வேற தொல்லை, தொடுற இடத்தயே விரல் மறைச்சிடும். இதெல்லாம் வெறும் பட்டன் மாத்துற சமாச்சாரம்னு நினைக்கிறவங்க பசிலோட கஷ்டம்ங்கிறதே கையோட வேகத்த வெச்சு அளந்தது தான்ங்கிறத விட்டுடுறாங்க.

இதவிட பெரிய சிக்கல், மெஷினோட உடம்பே விடையா இருக்குற பசில். 2007ல டிஎஸ்ல வந்த ஜெல்டா ஃபேண்டம் ஹவர்கிளாஸ்ங்கிற கேம்ல மேல் ஸ்கிரீன்ல இருக்குற குறிய கீழ இருக்குற மேப்ல பதிக்கணும், எப்படின்னு திரைய தேய்ச்சு தேய்ச்சு பாத்தாலும் ஆகாது, டிஎஸ்ஸ மூடி திறந்தா முத்திரை குத்தின மாதிரி பதிஞ்சிடும். அவ்ளோ அழகான பசில் அது! கீல் இல்லாத மெஷினுக்கு இத எப்படி சுமந்துட்டு போவீங்க? புரோகிராம் கோட் அத்தனையும் கொண்டு போனாலும் இது மட்டும் வராது, இதே வியப்ப தர்ற வேற ஒண்ண புதுசா கண்டுபிடிச்சு வெக்கணும்.

ரெண்டு விதமா இத சமாளிச்சிருக்காங்க. டாக்டர் கவாஷிமாவோட பிரெயின் டிரெயினிங்ங்கிற மூளைப்பயிற்சி கேம் டிஎஸ்ல 2005ல வந்தது, புத்தகம் மாதிரி பக்கவாட்டுல பிடிச்சு எழுதுறது. ஸ்விட்ச்சுக்கு 2019 கடைசில ஜப்பான்ல வந்தப்ப ஸ்கிரீன செங்குத்தா பிடிக்க வெச்சாங்க, பெட்டியோட கெபாசிட்டிவ் ஸ்டைலஸும் சேர்த்து வித்தாங்க, டிவி மோடே வேண்டாம்னு விட்டுட்டாங்க. அனதர் கோட்ங்கிற இன்னொரு டிஎஸ் கேம் வேற வழில போச்சு, 2005ல ரெண்டு திரையையும் ஸ்டைலஸையும் நம்பி செஞ்ச பசில்கள 2024ல வந்த ரீகலெக்‌ஷன்ல மாத்தி புதுசா செஞ்சிட்டாங்க. எனக்கு முதல் வழி தான் நேர்மையா படுது, எழுதுறது தான் கேம்னா எழுத வழி பண்ணு, டிவி போனா போகட்டும். ஆனா கதையும் இடமும் உயிரா இருக்குற கேமுக்கு ரெண்டாவது வழிய குறை சொல்லவும் முடியாது.

சரி, தமிழ்ச்சொல். ஜப்பான்காரங்க இதுக்கு 'இஷோகு'ன்னு சொல்றாங்க, நாத்த பிடுங்கி வேற இடத்துல நடுறதுக்கும் உறுப்பு மாற்று சிகிச்சைக்கும் அதே சொல் தான், புது மண்ணுல பிடிக்கணும்ங்கிற கவலை அதுலயே இருக்கு. நம்மகிட்டயும் அப்படி ஒண்ணு ரொம்ப நாளா இருக்கு, பெயர்த்தல். பெயர்தல்னா தானா இடம் மாறுறது, புலம்பெயர்தல்ல வர்றது அது. பெயர்த்தல்னா இன்னொருத்தர் எடுத்து மாத்துறது, மொழிபெயர்த்தல்ல இருக்குறது அது. தொல்காப்பியம் மரபியல்ல வழிநூல் (முதல் நூல ஒட்டி எழுதுற நூல்) வகை நாலு சொல்றப்ப கடைசியா 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்'னு வரும். அதர்னா வழி, பெயர்த்தா மட்டும் போதாது, முறைப்படி அமையுற மாதிரி திரும்ப கட்டணும்னு அந்த வரியே சொல்லிடுது. சுமக்குறதும் மாத்துறதும் ரெண்டும் அதுல அடங்கிடுச்சு.

அதனால என் தேர்வு தளப்பெயர்ப்பு. இயங்குதளம்னு ஏற்கனவே புழங்குறதால தளம்னா யாருக்கும் குழப்பம் வராது. வினையா சொல்லணும்னா 'தளம்பெயர்த்தாங்க'. 'இடமாற்றம்'னு சிலர் எழுதுறாங்க, அது ஃபைல் நகர்த்துற மாதிரி இருக்கு. 'தகவமைப்பு' நல்ல சொல் தான், ஆனா அது வேலையோட ஒரு பாதிய மட்டும் சொல்லுது.

பக்கத்து சொற்களையும் பிரிச்சு வெச்சுக்கலாம். படத்தயும் ஒலியயும் மட்டும் தெளிவாக்கினா ரீமாஸ்டர், அதுக்கு மெருகேற்றம் பொருந்தும். அடியில இருந்து திரும்ப செஞ்சா ரீமேக், மறுஆக்கம். பழைய மெஷின் மாதிரியே புது மெஷின நடந்துக்க வெக்கிறது எமுலேஷன், அங்க கேம் அப்படியே தான் இருக்கும், அதனால அத தளப்பெயர்ப்புன்னு சொல்லக்கூடாது. அனதர் கோட் ரீகலெக்‌ஷன மறுஆக்கம்னு தான் சொல்லணும், டிஎஸ்ல இருந்து 2023ல ஸ்விட்ச்சுக்கு வந்த கோஸ்ட் டிரிக்ங்கிற கேம மெருகேற்றிய தளப்பெயர்ப்புன்னு சொல்லலாம்.