சமிஸ்தாத்: சொல் விளக்கம்

சமிஸ்தாத்: ருஷ்யப் பெயர்ச்சொல். தணிக்கைக்கு உட்படாமல், தாமே தட்டச்சு செய்து கைக்குக் கை பரப்பிய எழுத்து. அப்படிப் பரப்பும் முறையும்.

'சம்' என்றால் தானே. 'இஸ்தாத்' பதிப்பகத்தைக் குறிக்கும் சொல்லின் குறுக்கம். சோவியத் அரசுப் பதிப்பகத்துக்கு 'கோஸிஸ்தாத்' என்று பெயர். 1940-களில் நிக்கலாய் கிளாஸ்கவ் என்ற கவிஞர் தம் கவிதைகளைத் தாமே தட்டச்சு செய்து, பதிப்பகப் பெயர் வரவேண்டிய இடத்தில் 'சம்செப்யாஇஸ்தாத்' என்று போட்டார். 'தன்னைத்தானே பதிப்பித்தது' என்பது பொருள். அதுவே பின்னர் சமிஸ்தாத் ஆயிற்று.

சொல்லைத் தந்தவர் கவிஞர். தொடக்கத்தில் அதிகம் கைமாறியவையும் கவிதைகளே. கவிதைக்குத் தாள்கூடக் கட்டாயமில்லை. ஸ்டாலின் காலத்தில் கவிஞர் அன்னா அக்மதோவா தம் வரிகளைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவார். தோழி லிதியா சுக்கோவ்ஸ்கயா மனப்பாடம் செய்ததும் அக்மதோவா தாளை எரித்துவிடுவார். அப்படிக் காப்பாற்றப்பட்ட 'ரெக்வியம்' என்ற அவருடைய கவிதைத் தொடர் சோவியத் நாட்டில் அச்சேற 1987 ஆனது.

தட்டச்சில் மெல்லிய தாள்களுக்கிடையே கார்பன் வைத்தால் ஒரே தடவையில் நான்கைந்து படிகள் கிடைக்கும். வாசித்தவர் தாமும் படியெடுத்து அடுத்தவருக்குத் தருவார். கவிஞர் நத்தால்யா கொர்பனேவ்ஸ்கயா 1968 ஏப்ரலில் தொடங்கிய 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' இப்படித்தான் பரவியது. கைதுகள், வழக்குகள், வீட்டுச் சோதனைகள் ஆகியவற்றைக் கருத்தேதும் சேர்க்காமல் பதிந்த இதழ் அது. செய்தி தர விரும்புகிறவர், இதழைத் தமக்குக் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். அவர் தமக்குக் கொடுத்தவரிடம் சொல்வார். இதழ் வந்த வழியே செய்தி ஆசிரியரைச் சென்றடையும். 1969 டிசம்பரில் கொர்பனேவ்ஸ்கயாவைக் கைது செய்து, மனநோயாளி என்று முத்திரை குத்தி, 1972 வரை அடைத்து வைத்தார்கள். இதழ் நிற்கவில்லை, மற்றவர்கள் 1980-களின் தொடக்கம் வரை நடத்தினார்கள்.

தமிழில் என்ன சொல்வது? 'தன்பதிப்பு' சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் சொந்தச் செலவில் புத்தகம் போடுவதோடு குழம்பும். 'சிற்றிதழ்' பொருந்தாது, நம் சிற்றிதழ்கள் பெரும்பாலும் அச்சகத்தில் முகவரியோடு வெளிவந்தவை. 'தலைமறைவு இலக்கியம்' ஆபத்தைச் சொல்கிறது. வாசகரே படியெடுப்பதைச் சொல்லவில்லை. நான் பரிந்துரைப்பது 'கைமாற்றுப் பதிப்பு'. பத்திரமில்லாமல், ஆளை நம்பிக் கொடுப்பதைத்தானே கைமாற்று என்கிறோம்? சமிஸ்தாத்தும் அப்படி நம்பிக் கொடுக்கப்பட்டதுதான். சோவியத் வரலாற்றை எழுதும்போது மட்டும் சமிஸ்தாத் என்றே வைத்துக்கொள்ளலாம்.