போட்டோ: புகையா, நிழலா, ஒளியா?

கல்யாண வீட்டில் "போட்டோ எடுக்க வாங்க" என்று கூப்பிட்டால் யாருக்கும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அதையே தமிழில் எழுதப் போனால்தான் கை தயங்குகிறது. புகைப்படம் என்று எழுதுகிறவர்கள் அதிகம். நிழற்படம் என்பாரும் உண்டு. இலங்கைத் தமிழர்கள் பலர் ஒளிப்படம் என்கிறார்கள். எது பொருத்தம் என்று தெரிய, மூலச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

போட்டோ என்பது போட்டோகிராஃப் என்பதன் சுருக்கம். அதன் இரண்டு பாதியும் கிரேக்கம். 'போஸ்' என்றால் ஒளி. நம் 'மரம்' உருபு ஏற்கும்போது 'மரத்து' ஆவதுபோல், அது 'போட்டோஸ்' என்று திரியும். பாஸ்பரஸ் என்ற தனிமத்தின் பெயரிலும் இதே ஒளிதான் இருக்கிறது. 'ஒளியைத் தாங்கி வருவது' என்பது அதன் பொருள். அடுத்த பாதி 'கிராஃபெயின்': கீறுதல், எழுதுதல், வரைதல். பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டுக்குப் பெயர் வந்ததும் இதிலிருந்துதான். எழுதுவதையும் வரைவதையும் ஒரே சொல்லால் குறிப்பது நமக்கும் பழக்கம்தான். ஓவியத்தை எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள். ஆக, ஒளி எழுதியது எதுவோ அதுவே போட்டோ.

இந்தப் பெயர் நிலைபெற்றது 1839-இல். அதற்கு முன்பே பிரான்சில் நியெப்ஸ் என்பவர், ஒளியால் படம் பதிக்கும் தன் முறைக்குச் 'சூரிய எழுத்து' என்று பொருள்படும் ஹீலியோகிராஃபி என்ற பெயரை வைத்திருந்தார். பிரேசிலில் வாழ்ந்த எர்க்யூல் ஃப்ளோரான்ஸ் 1834-லேயே தன் குறிப்பேட்டில் போட்டோகிராஃபி என்ற சொல்லை எழுதினார்; அது வெளியுலகத்துக்குத் தெரியவில்லை. 1839 மார்ச் 14 அன்று லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் தன் கட்டுரையில் அதே சொல்லைப் பயன்படுத்திய பிறகுதான் அது பரவியது. நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களை இந்தத் துறைக்குள் கொண்டுவந்தவரும் அவரே.

சரி, புகை எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்குவார்கள், அப்போது எழுந்த புகையைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஃப்ளாஷ் பொடி எனப்படும் அந்தப் பொடி ஜெர்மனியில் அறிமுகமானது 1887-இல்தான். அதற்கு 29 ஆண்டுகள் முன்பே, 1858-இல், ஆங்கிலேயப் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்துவிட்டார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருக்குத் துணை நின்றது வெயில் மட்டும்தான். பிற்காலத்தில் புகை வந்தபோதும் அது வெளிச்சத்தோடு வந்த உபத்திரவமே தவிர, படத்தை உண்டாக்கியதில் அதற்குப் பங்கில்லை.

நிழற்படத்தை அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தமிழில் நிழல் என்பது வெயிலுக்கு ஒதுங்கும் இடம் மட்டுமல்ல. கண்ணாடியிலும் தண்ணீரிலும் தெரியும் பிம்பமும் நிழல்தான். ஒளி என்ற பொருளும் அதற்குப் பழந்தமிழில் உண்டு. அதோடு, இங்கிலாந்தில் இந்தக் கலையைக் கண்டுபிடித்த டால்பட் 1839 ஜனவரியில் தந்த கட்டுரையின் ஒரு பகுதிக்கு 'நிழலை நிலைநிறுத்தும் கலை' என்றே தலைப்பிட்டார். நிழற்படம் என்ற சொல்லை ஆக்கிய தமிழர் இதை அறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பொருளின் அருகில்தான் நின்றிருக்கிறார்.

இருந்தாலும் என் ஓட்டு ஒளிப்படத்துக்கே. காரணம், மூலச் சொல்லோடு பொருந்துகிறது என்பது மட்டுமல்ல. 'போட்டோ' என்று தொடங்கும் மற்றச் சொற்களை நாம் ஏற்கெனவே இப்படித்தான் தமிழாக்கியிருக்கிறோம். இலை உணவு தயாரிப்பதைப் பள்ளிப் பிள்ளைகள் ஒளிச்சேர்க்கை என்று படிக்கிறார்கள். இயற்பியலில் ஒளிமின் விளைவு வருகிறது. திரைப்படத்தின் பெயர் வரிசையில் ஒளிப்பதிவு என்று பார்க்காத தமிழர் உண்டா? அங்கெல்லாம் ஒளி என்று எழுதிவிட்டு, படத்துக்கு வரும்போது மட்டும் புகைக்குப் போனால் ஒரு குடும்பத்துச் சொற்கள் பிரிந்துபோகின்றன. பிள்ளைக்கு அந்த உறவு தெரியாமலே போய்விடும்.

பேச்சில் போட்டோ இருக்கட்டும், அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. எழுத்தில் ஒளிப்படம், ஒளிப்படக் கலைஞர், ஒளிப்படக் கண்காட்சி என்று வரலாம். இடம் தெளிவாக இருந்தால் வெறும் 'படம்' போதும். தாத்தாவின் படம் என்றால் சுவரில் மாட்டிய அந்தச் சட்டகம்தான் எல்லோருக்கும் நினைவில் வரும்.