வாதப்போலி: ‘தர்க்கப் பிழை’ ஏன் பொருந்தாத சொல்?

சரியான வாதம்போலத் தோன்றி, ஆராய்ந்தால் நிற்காத வாதத்தை ஆங்கிலத்தில் ‘ஃபாலஸி’ என்பார்கள். அதற்கு ‘தர்க்கப் பிழை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கட்டுரைப் பயிற்சிக் கையேடு, பேச்சுப் போட்டிக்கான குறிப்பு, காணொளிப் பாடம் என எங்கு பார்த்தாலும் இதுதான். சொல் ஒன்று கொஞ்சம் பிசகினால் என்ன என்று விட்டுவிட முடியவில்லை. தன் கட்டுரையில் மாணவர் எதைத் தேட வேண்டும் என்பதையே இந்தச் சொல் மாற்றிவிடுகிறது. ‘போலி’ என்பதே பொருந்தும் சொல்.

பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘ஃபால்லெரே’ என்றால் ஏமாற்றுதல். அதன் வழி வந்ததுதான் ஃபாலஸி. அரிஸ்டாட்டில் இத்தகைய வாதங்களுக்கென்றே ஒரு நூல் எழுதி, சொல்லால் விளைபவை 6, சொல்லுக்கு அப்பால் விளைபவை 7 என 13 வகை காட்டினார். மறுப்புபோலத் தோன்றும், ஆனால் மறுப்பு ஆகாது என்பதே அவர் சொன்ன இலக்கணம். வடமொழியில் ‘ஹேத்வாபாசம்’: ஹேது காரணம், ஆபாசம் பொய்த்தோற்றம். மூன்று மொழியிலும் தோற்றமும் ஏமாற்றும்தான் கரு.

‘பிழை’யில் அந்தக் கரு எங்கே? எழுத்துப்பிழை, கணக்குப்பிழை, அச்சுப்பிழை எல்லாம் தவறிச் செய்தவை. சுட்டிக்காட்டினால் யாரும் வாதாடுவதில்லை, திருத்தினால் தீர்ந்தது. ஃபாலஸி அப்படியா? சரியான வாதத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவதால்தான் அதற்குத் தனிப்பெயரே தேவைப்படுகிறது. கள்ள நோட்டைப் ‘பிழையான நோட்டு’ என்று யாராவது சொல்வார்களா?

ஒரு கட்டுரையில் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்: ‘மதுக்கடையை மூடினார்கள். அடுத்த ஆண்டே பள்ளியின் தேர்ச்சி விகிதம் உயர்ந்தது. ஆகவே மதுக்கடையை மூடியதுதான் தேர்ச்சி உயரக் காரணம்.’ இதில் பிழை இருக்கிறதா பார் என்றால், மாணவர் கடை மூடிய தேதியைச் சரிபார்ப்பார், தேர்ச்சி விகிதத்தைச் சரிபார்ப்பார். இரண்டும் சரியாகவே இருக்கும். பிழை இல்லை என்று முடித்துவிடுவார். இதில் போலி இருக்கிறதா பார் என்றால், ‘ஆகவே’ என்ற சொல்லின்மேல் கண் போகும். முன்னது நடந்தது, பின்னது நடந்தது. முன்னதால்தான் பின்னது நடந்தது என்பதற்கு என்ன சான்று? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. வடநூலார் இதைக் காகதாலிய நியாயம் என்பார்கள்.

போலி என்பது நான் கண்டுபிடித்த சொல்லும் இல்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைநெறி, அதாவது தர்க்கம், கற்பிக்கும் இடத்தில், பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வகைவகையாக விரிகிறது. பக்கம் என்பது நிறுவ வந்த கூற்று, ஏது அதற்குச் சொல்லும் காரணம், திட்டாந்தம் எடுத்துக்காட்டு. ஏதுப்போலி மட்டுமே அசித்தம் (நிறுவப்படாத காரணம்), அநைகாந்திகம் (ஒரு பக்கம் நில்லாத காரணம்), விருத்தம் (எதிர்முடிவை நிறுவும் காரணம்) என மூன்று. இரண்டாவதற்கு வரும் சான்றுகளில் ஒன்று இன்றைய கட்டுரைக்கும் அப்படியே உதவும்: ‘சத்தம் அழியக்கூடியது, ஏனெனில் அது அறியப்படுகிறது.’ அறியப்படுதல் அழியும் குடத்துக்கும் உண்டு, அழியாததாகக் கொள்ளப்படும் ஆகாயத்துக்கும் உண்டு. இரு பக்கமும் செல்லும் காரணம் எந்தப் பக்கத்தையும் நிறுவாது. ‘அவர் நல்ல தலைவர், ஏனெனில் அவரைத் தெரியாதவர் இல்லை’ என்று எழுதுகிறவர் செய்வதும் இதுவேதான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிலும் போலி என்றே வழங்குகிறது. இத்தனை காலம் ஆண்ட சொல்லை விட்டுவிட்டுப் ‘பிழை’யைப் பிடித்துக்கொள்ள ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘தர்க்கம்’ என்ற வடசொல்லைத் தள்ளி ‘ஏரணப் பிழை’ என்கிறார்கள். முன்பாதியைத் தூய்மை செய்தார்கள். கோளாறு இருக்கும் பின்பாதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ‘ஏரண வழு’வும் அப்படித்தான். வழு என்றால் வழுவியது. திணைவழு, பால்வழு போல விதியிலிருந்து நழுவியது. ஏமாற்றும் தோற்றம் அதிலும் இல்லை. தூய்மை வேண்டுமென்றால் ‘போலி’யைவிடத் தூய சொல் எது? ‘போல்’ என்ற வேரிலிருந்து நேரே வந்தது. இலக்கணத்தில் முதற்போலி, கடைப்போலி எல்லாம் குற்றமில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், பந்தல் பந்தர் ஆவது குற்றமில்லை. ஆனால் அங்கும் ஒன்றின் இடத்தில் அதுபோல இன்னொன்று வந்து நிற்பதுதான் பொருள். போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று நாளும் பேசுகிறவர்களுக்கு எதுவும் குழம்பாது. அளவைநூலைத் தொட்டு எழுதும்போது ஏதுப்போலி என்றும், பொதுவாக வாதப்போலி என்றும் எழுதலாம். ‘வாதம்’ வடசொல் என்பதால் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை; எல்லாருக்கும் புரிகிறது.

வகைகளின் பெயர்களுக்கு வந்தால் மொழிபெயர்ப்பாளர்கள்மேல் கோபமே வருகிறது. எதிராளி சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி அதை மறுப்பதற்கு ‘வைக்கோல் மனிதன்’ என்கிறார்கள். இதைப் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? ‘திரித்து மறுத்தல்’ என்றால் விளக்கவே வேண்டாம். எதிராளியின் சொல்லைப் புரட்டுவதற்கு வடமொழித் தர்க்க மரபான நியாயத்தின் நூலார் ‘சலம்’ என்று பெயர் வைத்து, ‘நவகம்பலம்’ என்ற சான்றையும் தந்திருக்கிறார்கள்: புதிய கம்பளம் வைத்திருப்பவன் என்று ஒருவர் சொல்ல, ‘நவ’ என்பதை ஒன்பது என்று கொண்டு, ஒன்பது கம்பளம் எங்கே என்று மற்றவர் மடக்குவது.

இன்னும் மோசம் ‘கேள்வியைக் கெஞ்சுதல்’. நிறுவ வேண்டியதையே நிறுவியதாக வைத்துக்கொண்டு பேசுவதைக் குறிக்கும் ‘பெக்கிங் த குவெஸ்சன்’ என்ற ஆங்கிலத் தொடரின் தமிழாக்கம் அது. அந்த ஆங்கிலத் தொடரோ கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கும் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கும் வந்தபோதே பொருள் சிதைந்தது. அந்தச் சிதைவைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி என்ன பயன்? ‘முடிவையே ஏதுவாக்கல்’ என்று சொல்லிவிட்டு, ‘இந்தச் சட்டம் அநீதியானது, ஏனெனில் இதில் நியாயமில்லை’ என்ற வாக்கியத்தைக் காட்டினால் போதும்.

‘விதண்டாவாதம்’ பட்டபாடு வேறு. தனக்கென்று ஒரு கொள்கையை நாட்டாமல் பிறர் கொள்கையை இடிப்பது மட்டுமே விதண்டை. இன்று பிடிவாதமாகப் பேசினாலும் விதண்டாவாதம், தொல்லையான கேள்வி கேட்டாலும் விதண்டாவாதம். நல்ல கேள்வி கேட்கும் மாணவரை அந்தச் சொல்லால் வாயடைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த மாணவரின் கேள்விக்குப் பின்னால் அவருடைய நிலைப்பாடு ஒன்று இருந்தால், அது விதண்டையே இல்லை.