நின்றிருந்த காரின் ஸ்பிரிங் எப்படி முறிந்தது?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இரவு வாசலில் நிறுத்திய கார். விடியும் முன் 'டங்' என்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் முன்பக்கம் ஒருபுறம் தாழ்ந்து கிடக்கிறது, காயில் ஸ்பிரிங் முறிந்திருக்கிறது. ஓடாத வண்டியில் அது எப்படி முறியும்? அம்மா கண்ணேறு என்கிறார். புது ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாட்டலாமா?"

காரின் எடையை ஸ்பிரிங் தாங்குகிறது, அதன் ஆட்டத்தை ஷாக் அப்சார்பர் அடக்குகிறது. விசை கூடக்கூட அதே விகிதத்தில் நீட்சியும் கூடும் என்ற ஹூக் விதியையும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் அழுத்தும்போது ஸ்பிரிங்கின் கம்பிக்கு என்ன நேர்கிறது என்று வகுப்பில் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கம்பி வளைகிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது முறுக்கப்படுகிறது.

ஒரு துணி நாடாவை விரலில் நாலைந்து சுற்று சுற்றுங்கள். விரலை உருவிவிட்டு, இரு முனைகளையும் திரும்பவிடாமல் பிடித்து இழுங்கள். சுருள் மறையும், நாடா முறுக்கேறி நிற்கும். ஒரு சுற்றுக்கு ஒரு முழு முறுக்கு! ஸ்பிரிங்கை அழுத்தினாலும் இதுதான் நடக்கிறது, திசை மட்டும் எதிர். சுருளின் நடு அச்சில் இறங்கும் எடை, ஓர் ஆரம் தள்ளியிருக்கும் கம்பியை ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குகிறது. ஆரம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் முறுக்கும் எங்கும் ஒன்றே. நீட்டினால் ஆளுயரத்தைத் தாண்டும் அந்தக் கம்பி, சுமையை அங்குலம் அங்குலமாகச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கம்பியின் குறுக்கே பார்த்தால் கதை வேறு. தகைவு, அதாவது எஃகுக்குள் பரவும் விசையின் செறிவு, மையத்தில் பூஜ்யம், மேற்பரப்பில் உச்சம். ஆக, ஸ்பிரிங்கின் உயிர் அதன் தோலில் இருக்கிறது. அதனால்தான் ஆலையில் சிறு எஃகு மணிகளை அதன்மேல் வேகமாக வாரி இறைக்கிறார்கள். அடிபட்ட தோல் இறுகி, விரிசல் வாய் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் காவல் அடுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடிச்சுற்றில் மணலும் ஈரமும் தேங்கி, பெயின்ட் தேய்ந்து, உப்புக்காற்றில் துரு ஒரு குழி பறித்தால் போதும், காவல் போய்விடும். பிறகு ஒவ்வொரு வேகத்தடையும் விரிசலை மயிரிழை மயிரிழையாக நீட்டும். துருப்பிடிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனும் இவ்வளவு வலுவான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். வண்டி நின்றாலும் அதன் எடை ஸ்பிரிங்கின்மேல்தான் இருக்கிறது. மீதமிருந்த எஃகு அன்று விடிகாலையில் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

கண்ணேறு என்ற விளக்கத்தை நான் ஏற்கமாட்டேன். எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டுவிட்டு மறுபக்கத்து ஸ்பிரிங்கைப் பார்க்காமல் விட்டுவிடுவோம் என்பதுதான் என் கவலை. அதே வயது, அதே உப்புக்காற்று. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இனி வீட்டு வேலை. சக்கரத்தைக் கழற்றுவதும், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டை இறக்குவதும் பழகிய கைக்கு எளிது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஆபத்து அடுத்த கட்டத்தில்தான். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங்கை 20 சென்டிமீட்டர் அழுத்தினால் அதற்குள் 400 ஜூல் அடைபட்டிருக்கும். நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் மார்பு உயரத்திலிருந்து விழும்போது உள்ள ஆற்றல் அது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான கம்ப்ரசரின் இரு கொக்கிகளும் நேரெதிரே இருக்க வேண்டும், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத்தான் முடுக்க வேண்டும். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடாதவரை ஸ்ட்ரட்டின் தலையிலுள்ள நடு நட்டைத் தொடவே கூடாது. முறிந்த ஸ்பிரிங்கில் கொக்கிக்கு நல்ல பிடி கிடைப்பதும் அரிது. என்னைக் கேட்டால், ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி ஒரு பட்டறைக்கு எடுத்துச்சென்று, அழுத்தும் வேலையை மட்டும் அங்கே செய்துகொள்ளுங்கள். மாட்டியபின் வீல் அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள்.

பழைய துண்டைக் காயலான் கடைக்குப் போடுமுன், முறிந்த முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். முறுக்கி உடைத்த சாக்பீஸ்போல் அது சாய்வாக இருக்கும். ஓரத்தில் ஒரு சிறு பிறை, பழுப்பு நிறத்தில். மற்றதெல்லாம் சாம்பல் நிறப் புது எஃகு. பழுப்பு நாள்பட்டது, சாம்பல் அன்று விடிகாலையது. அம்மாவிடமும் காட்டுங்கள்.