விற்காத வீட்டின் விலை ஏன் இறங்குவதில்லை?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கோயம்பேட்டுக்குத் தக்காளி வரத்து கொஞ்சம் கூடினாலே அன்றைக்கே விலை விழுந்துவிடுகிறது. எங்கள் தெருவில் நாலு வீடுகளில் ஒன்றரை வருடமாக 'விற்பனைக்கு' போர்டு தொங்குகிறது. வாங்க ஆள் வரவில்லை, ஆனால் யாரும் விலையைக் குறைக்கவும் இல்லை. வீட்டுக்கு மட்டும் ஏன் தனி விதி?"

அருமையான கேள்வி. பாதிப் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தக்காளி அழுகும், வீடு அழுகாது. கையில் தாங்கும் சக்தி இருப்பவர் காத்திருக்கலாம். பில்டர் விலையைக் குறைத்தால் ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால், ரேட்டைத் தொடாமல் மாடுலர் கிச்சன் இலவசம், பத்திரச் செலவு இலவசம் என்று வேறு வழியில் தள்ளுபடி கொடுப்பார். நம் ஊரில் வழிகாட்டி மதிப்பும், அதாவது பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் விலையும், ஒரு முட்டுக்கட்டை. சந்தை விலை அதற்குக் கீழே போனாலும் முத்திரைத்தாள் வரியை வழிகாட்டி மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும், வருமான வரித் துறையும் அதைத்தான் பார்க்கும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது, நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. பத்திரப்பதிவு படுத்துவிட்டது. 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றியது. இதெல்லாம் சந்தையின் வெளிப்புறக் காரணங்கள்.

மீதிப் பாதி விற்பவரின் மனதுக்குள் இருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான்.

என் பெரியப்பா 2013இல் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை 48 லட்சத்துக்கு வாங்கினார். புது வீடு அல்ல, இரண்டாம் கை. 2018இல் விற்க நினைத்தபோது 42 லட்சத்துக்குத்தான் கேட்டார்கள். கீழ்த்தளத்தில் அச்சு அசலாக அதே அளவு வீடு. அதன் சொந்தக்காரர் 2006இல் 19 லட்சத்துக்கு வாங்கியவர். அவருக்கும் அதே 42தான் சொன்னார்கள். அவர் இரண்டே வாரத்தில் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். பெரியப்பா வாங்கவில்லை.

"கொடுத்துடலாமே பெரியப்பா" என்றேன்.

"கைக்காசு ஆறு லட்சத்தை விட்டுட்டு வரச் சொல்றியாடா?" என்றார்.

பள்ளியில் செய்த ஒரு சோதனை ஞாபகம் இருக்கலாம். மூன்று பாத்திரங்கள். ஒன்றில் ஐஸ் தண்ணீர், ஒன்றில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். ஒரு கையை ஐஸிலும் மறு கையை வெந்நீரிலும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் நடுப் பாத்திரத்தில் விட வேண்டும். ஒரே தண்ணீர்தான், ஆனால் ஒரு கைக்குச் சுடும், மறு கைக்குச் சில்லென்று இருக்கும். தோல் வெப்பநிலையை அளப்பதில்லை. தான் பழகியிருந்த நிலையிலிருந்து எவ்வளவு மாறியது என்பதைத்தான் சொல்கிறது. மனம் பணத்தையும் இப்படித்தான் அளக்கிறது என்று டேனியல் கானெமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு இஸ்ரேலிய உளவியலாளர்கள் 1979இல் எழுதினார்கள். 42 லட்சம் என்பது நடுப் பாத்திரத் தண்ணீர். 19இல் கை வைத்திருந்தவருக்கு அது லாபம். 48இல் கை வைத்திருந்த பெரியப்பாவுக்கு நஷ்டம்.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல உவமை, அவ்வளவுதான். அவர்கள் இரண்டு படி மேலே போனார்கள். முதல் படி, நஷ்டத்தின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டாவது படிதான் என்னை இன்றும் வியக்க வைப்பது. மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: 3,000 பணம் நிச்சயமாகக் கிடைக்கும், அல்லது 4,000 கிடைக்க 80 சதவீத வாய்ப்பு உண்டு. எது வேண்டும்? நூற்றுக்கு 80 பேர் நிச்சயமான 3,000 போதும் என்றார்கள். அப்புறம் கேள்வியை அப்படியே கவிழ்த்தார்கள். 3,000 நிச்சயமாகப் போகும், அல்லது 4,000 போக 80 சதவீத வாய்ப்பு, ஒன்றும் போகாமல் தப்பிக்க 20 சதவீத வாய்ப்பு. இப்போது நூற்றுக்கு 92 பேர் சூதாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குப்படி சராசரியாக 3,200 போகும் என்றாலும்!

லாபம் என்றால் பயந்து பயந்து பத்திரப்படுத்தும் அதே மனிதர்கள், நஷ்டம் என்றதும் துணிந்து இறங்குகிறார்கள். 'ஒன்றும் போகாமல் தப்பிக்கலாம்' என்ற சின்ன ஆசை, உறுதியான இழப்பைவிட இனிமையாக இருக்கிறது. இப்போது பெரியப்பாவைப் பாருங்கள். 42க்கு விற்றால் ஆறு லட்சம் உறுதியாகப் போய்விடும். காத்திருந்தால் 48 வரலாம். வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுச் சும்மா இருப்பதாகத்தான் அவர் நினைத்தார். உண்மையில் அவர் சூதாட்டப் பலகையின் முன் உட்கார்ந்திருந்தார்.

சரி, வகுப்பறையில் மாணவர்கள் சொன்னது நிஜ வீட்டுக்குப் பொருந்துமா? டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டபர் மேயர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரை எடுத்துக்கொண்டார்கள். அங்கே 1980களில் அடுக்குமாடி வீடுகளின் விலை எகிறி, 1989க்குப் பிறகு சில வருடங்களில் சுமார் 40 சதவீதம் சரிந்தது. நகரின் மையப் பகுதியில் விற்பனைக்கு வந்த ஏறத்தாழ 6,000 வீடுகளின் விவரங்களைச் சேர்த்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்கும் இன்றைய மதிப்புக்கும் உள்ள பள்ளத்தில் 25 முதல் 35 சதவீதத்தை விற்பவர்கள் கேட்கும் விலையில் ஏற்றி வைத்தார்கள். கடைசியில் கூடுதலாகக் கிடைத்ததோ அந்தப் பள்ளத்தில் 3 முதல் 18 சதவீதம்தான்.

பெரியப்பா கணக்கில் போட்டால், பள்ளம் ஆறு லட்சம். அடம் பிடித்ததற்கு எதிர்பார்க்கக்கூடிய கூலி 18,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்து 8,000 ரூபாய் வரை. அதற்கு விலையாகப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். முதலீட்டுக்காக வாங்கியவர்களிடமும் இந்தக் குணம் இருந்தது, ஆனால் குடியிருக்க வாங்கியவர்களிடம் அதைப் போல இரண்டு மடங்கு. வாசகரின் தெருவில் நடப்பது இதுதான். சரிவில் விலை விழுவதற்கு முன்னால் விற்பனை நின்றுபோகிறது. விற்ற சில வீடுகளின் விலையை மட்டும் பார்க்கிறவர்களுக்குச் சந்தை நன்றாக இருப்பது போலத் தெரியும்.

இந்த ஆய்வை நம் சென்னையில் செய்ய முடியாது என்பது எனக்கு நிஜமான வருத்தம். வாங்கிய விலையும் விற்ற விலையும் பாஸ்டனில் உள்ளபடி பதிவாகியிருந்தன. நம்மிடம் பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. வழிகாட்டி மதிப்புக்கு எழுதிவிட்டு மீதியை ரொக்கமாக வாங்கும் பழக்கத்தால் அரசுக்கு வர வேண்டிய வரி வராமல் போவது பாதிச் சேதம், நம் ஊர் வீட்டுச் சந்தையைப் பற்றிய அறிவே நமக்குக் கிடைக்காமல் போவது மீதிச் சேதம். தேசிய வீட்டுவசதி வங்கி 2007 முதல் விலைக் குறியீடு வெளியிடுகிறது, நல்ல முயற்சிதான். ஆனால் அது நகரத்தின் விலையைச் சொல்லும், ஒரு விற்பனையாளர் ஏன் இறங்க மறுக்கிறார் என்பதைச் சொல்லாது. அதற்கு வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும், பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

அந்த அறிவு இல்லாத இடத்தில் வேறு விளக்கங்கள் வந்து உட்காருகின்றன. 2019இல் ஓர் உறவினர் வாஸ்து பார்ப்பவரைப் பெரியப்பா வீட்டுக்கு அழைத்து வந்தார். ஈசானிய மூலையில் கழிவறை இருப்பதால்தான் வீடு போகவில்லை என்றார் அவர். கழிவறைக் கதவை இடித்துத் திருப்பி வைக்க 40,000 ரூபாய் ஆனது. கீழ்த்தள வீட்டிலும் கழிவறை அதே மூலையில்தான் இருந்தது, அது இரண்டு வாரத்தில் விற்றது. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மனிதரிடம் இப்படிப் பணம் பறிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை.

அந்தச் சண்டையில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. 48 என்ற எண்ணே பொய். 2013இல் கொடுத்த 48 லட்சத்துக்கும் 2018இன் 48 லட்சத்துக்கும் ஒரே வாங்கும் சக்தி கிடையாது. வருமான வரித் துறையின் பணவீக்கக் குறியீடு 2013-14இல் 220, 2018-19இல் 280. அந்தக் கணக்கில் 48 லட்சம் 61 லட்சத்துக்கு மேல் ஆகிறது. 'போட்ட பணமாவது வந்தால் போதும்' என்று அவர் காத்திருந்த விலையிலேயே 13 லட்சம் நஷ்டம் ஒளிந்திருந்தது. ஆனால் அது காகிதத்தில் சிவப்பு மையில் தெரியாது, அதனால் வலிக்கவில்லை.

வாடகைக்கு ஆள் வைத்தால் விற்கும்போது காலி பண்ண மாட்டார்கள் என்று வீட்டைப் பூட்டியே வைத்திருந்தார். மாதம் 2,500 ரூபாய் பராமரிப்பு. 2021இல் விற்றார், சரியாக 48 லட்சத்துக்கு. எல்லோருக்கும் மைசூர்பாகு வந்தது. 42 லட்சத்தை அன்றே 7 சதவீத வைப்பு நிதியில் போட்டிருந்தால், வரியைச் சேர்க்காமல், மூன்று வருடத்தில் 51 லட்சத்தைத் தாண்டியிருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதி அப்படிப்பட்டது.

வாங்க நினைக்கிறவர்களுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழை இலவசமாகப் பார்க்கலாம். சட்டச் சிக்கலுக்காக எல்லோரும் பார்க்கிறோம். அடுத்த முறை, விற்பவர் எந்த வருடம் வாங்கினார் என்பதையும் பாருங்கள். பத்திர விலையை நம்ப முடியாது, ஆனால் வருடம் பொய் சொல்லாது. ஒரே கட்டடத்தில் இரண்டு வீடுகள் விற்பனைக்கு இருந்தால், ஒருவர் உச்ச விலையில் வாங்கியவராகவும் மற்றவர் அதற்குப் பல வருடம் முன்பே வாங்கியவராகவோ அப்பா சொத்தாகப் பெற்றவராகவோ இருந்தால், முதலில் இரண்டாமவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பெரியப்பா வீட்டுக்கு வந்து பேரம் பேசிவிட்டுப் போன தம்பதி அதைத்தான் செய்தார்கள். படியிறங்கிப் போய்க் கீழ்த்தள வீட்டை வாங்கிக்கொண்டார்கள்.