காற்றாலையில் எதைக் குற்றுகிறார்கள்?

மன்னாருக்குப் போய்க் காற்றாலைகளைப் பார்த்துவந்த என் பெறாமகள், காலிமுகத்திடலில் வாங்கிய காகிதக் காற்றாடியைக் கடற்காற்றுக்குக் காட்டியபடி கேட்டாள்: "சின்னம்மா, அரிசி ஆலையில் நெல் குற்றுகிறார்கள். காற்றாலையில் எதைக் குற்றுகிறார்கள்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 'ஆலை' முதலில் கரும்பு பிழியும் பொறி. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்ற பழமொழியில் இருப்பது அந்தப் பழைய ஆலைதான். பின்னர் அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, நெசவாலை என்று சொல் அகன்றது. ஐரோப்பாவில் காற்றின் விசையால் தானியம் அரைத்த பொறியையும் 'காற்றாலை' என்றோம். மாவு போய் மின்சாரம் வந்தது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பொறியாளர்கள் சொல்வது 'டர்பைன்'. 1822இல் பிரெஞ்சுப் பொறியாளர் குளோட் பூர்தான் நீர்ச்சக்கரங்களுக்காக ஆக்கிய சொல் அது. அதன் வேர் லத்தீனின் 'டர்போ'. அங்கே அதற்குப் பம்பரம் என்றும் சுழல்காற்று என்றும் பொருள். ஆகவே தமிழில் 'சுழலி' என்பது வேரோடு பொருந்தி வருகிறது. 'விசையாழி' என்று எழுதுவோரும் உண்டு. ஆழி என்றால் சக்கரம், பிழையில்லை. ஆனால் மன்னார்க் கரையில் நின்று ஆழி என்றால் எனக்குக் கடல்தான் முன்னே வருகிறது. 'காற்றாடி'யும் உதவாது: நமக்கு அது விளையாட்டுப் பொருள், சென்னையில் பட்டம்.

சுழலியின் இறக்கை விமான இறக்கையின் இனம். காற்று கடக்கும்போது அதன் ஒரு பக்கத்தில் அழுத்தம் குறைய, மறுபக்கம் தள்ள, அச்சு சுழல்கிறது. பெரும்பாலானவற்றில் பற்சக்கரப் பெட்டி அந்த மெதுவான சுழற்சியை விரைவாக்கி மின்பிறப்பாக்கிக்குக் கொடுக்கிறது. அங்கே கம்பிச் சுருளை ஒட்டிக் காந்தப்புலம் மாற, மின்சாரம் பிறக்கிறது. 'பிறப்பாக்கி' என்ற நம் இலங்கை வழக்கு எனக்குப் பிடித்தமானது. ஜெனரேட்டர் செய்யும் வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகும். ஆனால் எந்தச் சுழலியாலும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. முழுவதையும் பறித்தால் காற்று பின்னால் நகராமல் அங்கேயே தேங்கிவிடும். அதனால்தான் இடம் பார்த்து நடுகிறார்கள். வடக்கு மீனவர் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுத்தான் மன்னாருக்கு வாய்த்த பெருஞ்செல்வம். 2020 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்ட மின்சார சபையின் காற்று மின்நிலையமான 'தம்பபவனி'யில் 30 சுழலிகள்; ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5.

இந்த முப்பதையும் சேர்த்து என்னவென்பது? ஒற்றைப் பொறிக்குக் 'காற்றுச் சுழலி', முழு நிலையத்துக்குக் 'காற்றாலை' என்பதே என் கட்சி. 'காற்றுப் பண்ணை' ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. பண்ணையில் கோழி வளர்க்கலாம், மீன் வளர்க்கலாம். காற்றை யார் வளர்த்தார்? வெள்ளவத்தையில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தார் எவரிடமாவது 'பண்ணைக் காற்று' என்று சொல்லிப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் சைக்கிளை எதிர்த்துத் தள்ளிய காற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்.