கிளாஃபுத்தி: தமிழில் செர்ரியடை

clafoutis என்ற எழுத்தைப் பார்த்து ‘கிளாஃபவுட்டிஸ்’ என்று வாசித்துவிடுகிறோம். பிரெஞ்சில் கடைசி ‘ஸ்’ ஒலிக்காது, நடுவில் ‘அவு’வும் இல்லை. கிளாஃபுத்தி என்பதே சரி.

பிரான்சின் நடுப்பகுதியில், லிமோஜ் நகரைச் சுற்றியுள்ள லிமூசேன் வட்டாரத்து வீட்டுப் பண்டம் இது. வெண்ணெய் தடவிய தட்டில் கறுப்புச் செர்ரிகளை நெருக்கமாகப் பரப்பி, முட்டை, பால், சர்க்கரை, கொஞ்சம் கோதுமை மாவு கலந்த கரைசலை மேலே ஊற்றி ஓவனில் வேகவைப்பார்கள். அரைக் கிலோ பழத்துக்கு நூறு கிராம் மாவு போதும். வேகும்போது விளிம்பு உப்பி எழும், வெளியே எடுத்ததும் மெல்ல அமுங்கும். வெதுவெதுப்பாகச் சாப்பிட வேண்டும்.

என் மாமியார் அந்த ஊர்க்காரர். பேரப்பிள்ளைகளைப் போலவே நானும் அவரை ‘மமி’ என்றுதான் கூப்பிடுவேன். பாட்டி என்று பொருள். கல்யாணமான புதிதில் அவருக்காக நானே செய்து வைத்தேன். பல்லில் கடிபடுமே என்று ஒவ்வொரு பழமாகக் கீறிக் கொட்டையை எடுத்திருந்தேன். சாறு இறங்கி மாவெல்லாம் சிவந்து, அடியில் நீர் கோத்துக்கொண்டது. மமி ஒரு துண்டு முழுவதையும் சாப்பிட்டார். “நல்லாயிருக்கும்மா. ஆனா இது கிளாஃபுத்தி இல்ல” என்றார். கொட்டையோடு வெந்தால்தான் பழம் உடையாமல் சாற்றைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து லேசான பாதாம் வாசனையும் வரும். அதன் பிறகு அவர் வீட்டில் ஒவ்வொரு ஜூன் மாதமும் தட்டின் ஓரத்தில் கொட்டைகளை வரிசையாக அடுக்கி, யாருக்கு எத்தனை என்று எண்ணியிருக்கிறோம்.

இந்தச் சொல் பாரிஸ் பிரெஞ்சில் பிறந்ததல்ல. லிமூசேன் கிராமங்களில் பேசப்பட்ட, தென் பிரான்சின் பழைய மொழியான ஆக்சித்தானில் ‘கிளாஃபி’ என்றால் நிரப்பு, திணி, அடை. மமியின் அம்மா அந்த மொழி பேசியவர். சந்தையில் கூட்டம் நெரிந்தால் அவர் சொன்ன சொல்லும் இதுதானாம். சொல்லாய்வாளர்கள் இன்னும் பின்னே போய், பழைய பிரெஞ்சின் ‘கிளோஃபிர்’ என்ற வினையையும் காட்டுகிறார்கள். ஆணியால் பொருத்துவது என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது அது. மாவுக்கு மேலே தலை நீட்டும் பழங்களைப் பார்த்தால் ஆணித்தலைகள் ஞாபகம் வருவது இயல்புதான்.

பெயரில் லிமோஜ்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பிரெஞ்சு மொழிக்கு அகராதி தொகுக்கும் பிரெஞ்சு அகாதமி இதை ‘ஒருவகைப் பழ ஃப்ளான்’, அதாவது முட்டையும் பாலும் சேர்ந்த புட்டிங் போன்ற பண்டம், என்று விளக்கியபோது அவர்கள் எதிர்த்திருக்கிறார்கள். பிறகு அது ‘கறுப்புச் செர்ரி கேக்’ என்று மாறியது.

தமிழில் என்ன சொல்லலாம்? கேக் என்றால் பஞ்சுபோல் பொங்கிய ஒன்றுதான் நம் மனதில் வரும். புட்டிங் என்றால் பழம் காணாமல் போய்விடுகிறது. நான் ‘செர்ரியடை’ என்கிறேன். அடை என்றதும் பருப்படை மட்டும் கண்முன் வர வேண்டியதில்லை. காரடையும் இலையடையும் நம்மிடம் உண்டு. அதோடு, ‘அடை’யை வினையாகச் சொன்னால் ஆக்சித்தான் சொல்லின் பொருள் அப்படியே கிடைக்கிறது. மரம் அடை அடையாகக் காய்த்திருக்கிறது என்கிறோமே, அந்த நெருக்கம். இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பொருள் இவ்வளவு அழகாகப் பொருந்தும்போது வேறு சொல் தேடுவானேன்?

இதற்கு ஓர் அக்காவும் உண்டு. செர்ரிக்குப் பதில் ஆப்பிளோ பேரிக்காயோ உலர்ந்த பிளம்ஸோ போட்டால் அதன் பெயர் ‘ஃப்லோன்யார்த்’. இதுவும் ஆக்சித்தான் சொல்தான், மெத்தென்றது என்று பொருள். இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியில் கூவியர், அதாவது அப்ப வணிகர், விற்கும் பண்டங்களில் ‘நல்வரி இறாஅல் புரையும் மெல்லடை’ வருகிறது. இறால் என்பது தேனடை. பேரிக்காய்த் துண்டுகள் போட்டு வெந்த ஃப்லோன்யார்த்தை வெட்டிப் பார்த்தால், மெல்லடை என்றுதான் வாயில் வருகிறது.

மமியின் சமையல் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. வெண்ணெய்க் கறை படிந்த அந்தப் பக்கத்தில் சர்க்கரை அளவை இரண்டு முறை அடித்துத் திருத்தியிருக்கிறார். தலைப்பில் நீல மையில் அவர் எழுதிய பெயருக்குக் கீழே, போன ஜூனில் என் மகள் பென்சிலால் ‘செர்ரியடை’ என்று எழுதினாள். பக்கத்திலேயே சின்ன எழுத்தில், ‘கொட்டையை எடுக்கக் கூடாது.’